முக்கோணம் தாங்கும் கூரை
மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவி

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் உறையுளைப் பற்றிக் கலைக் கல்லூரி மாணவர்களாகிய நாம் அதிகம் பேசுவதில்லை. அது பொறியியல் கல்லூரியின் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறோம். கூரை ஒன்று தலைக்கு மேல் நிற்பதற்குக் காரணமான விதிகளோ நம் இயற்பியல் நூலின் முதற் பகுதியிலேயே உள்ளன. அவற்றை நான் வகுப்பறையில் படித்தேன். புரிந்துகொண்டது ஆலங்குடிப் பக்கத்தில் உள்ள என் தந்தையாரின் மரப்பட்டறையில்தான்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. நம் மாவட்டத்துக்குள் புகுந்து கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி வட்டாரங்களில் தென்னை, பலா, வாழை என்று பாராமல் சாய்த்துவிட்டுப் போயிற்று. எங்கள் ஓட்டு வீட்டின் கூரையும் அன்றே போனது. அப்பத்தா வைத்து வளர்த்த இரண்டு பெரிய பலா மரங்களும் வேரோடு விழுந்தன. தந்தையார் அவற்றை அறுத்துச் சட்டங்களாக்கி, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் உலரப் போட்டார். "இந்த மரத்துலதான் இந்த வீட்டுக்குக் கூரை" என்பது அப்பத்தாவின் கட்டளை. தகரத்தின் கீழே ஆண்டுகள் சில கழிந்தன. கையில் பணம் சேர்ந்த பிறகு, சென்ற கோடை விடுமுறையில் அந்தக் கூரைக்கான மரச் சட்டகங்கள் பத்தும் எங்கள் பட்டறையில் உருவாயின. அந்த வேலையில் நானும் ஓர் ஆளாக நின்றேன். அங்கே கற்றதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் மரமும்

நம் மாவட்டத்து ஆவுடையார்கோயிலுக்குச் சென்றவர்கள் அதன் மண்டபக் கொடுங்கையை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். மரக்கூரையின் இறவாரத்தில் கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும் ஆணிகளும் எப்படித் தோன்றுமோ, அப்படியே அத்தனையும் கருங்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. திருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதும் சிற்பிகள், "ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற வேலை நீங்கலாக" என்று எழுதிக் கொடுப்பார்களாம் என்று ஒரு வழக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கல்தச்சன் அங்கே மரத்தச்சனின் வேலையைப் பார்த்துப் படி எடுத்திருக்கிறான்.

ஆனால் வடிவத்தைத்தான் படி எடுக்க முடியும். குணத்தைப் படி எடுக்க முடியாது. கல் அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுப்பைத் தாங்காது. உத்திரம் ஒன்றின் மேல் பாரம் ஏறும்போது அதன் மேற்பகுதி அமுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. கல் உத்திரத்தின் அடிப்பகுதி இழுப்புக்கு ஈடுகொடுக்காமல் விரிசல் காணும். ஆகவேதான் நம் கோயில் மண்டபங்களில் தூண்களை நெருக்கமாக நட்டார்கள். ஆயிரங்கால் மண்டபம் அழகுக்கு மட்டும் எழுந்ததன்று. கல்லின் இயல்பும் அதற்கு ஒரு காரணம்.

மரம் அப்படியன்று. அது அமுக்கத்தையும் தாங்கும், தன் இழையின் வழியே இழுப்பையும் தாங்கும். இந்த இரட்டைக் குணத்தைப் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. ஒன்று, பெரிய மரத்தை உத்திரமாகப் போடுவது. திருமயம் பகுதியில் இராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களின் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கு இந்த வழியில்தான் வேலை செய்கிறது. கப்பலில் மரம் வந்த காலத்துக்கும் வளம் படைத்த இல்லத்துக்கும் அது பொருந்தும். மற்றொன்று, சிறு சட்டங்களை முக்கோணங்களாகப் பிணைத்து, அவற்றைப் பெரிய உத்திரத்தின் வேலையைச் செய்ய வைப்பது. இதுவே கூரைச் சட்டகம். பட்டறையில் இதனை 'டிரஸ்' என்றே சொல்வார்கள்.

ஏன் முக்கோணம்? நான்கு குச்சிகளை நான்கு ஆணிகளால் பிணைத்துச் சதுரம் செய்து தள்ளிப் பாருங்கள். அது சரிந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சிகளைப் பிணைத்துத் தள்ளுங்கள். குச்சி ஒடிந்தாலொழிய வடிவம் மாறாது. பக்கங்களின் நீளம் குறித்தாகிவிட்டால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் அமையும் என்று வடிவ கணிதத்தில் படித்தோமே, அந்தத் தேற்றம்தான் நம் தலைக்கு மேலே நின்றுகொண்டிருக்கிறது.

சுவர் ஏன் சாய்கிறது?

எங்கள் பழைய கூரையில் கைமரங்கள் இருபுறமிருந்தும் ஏறி முகட்டில் கூடின. கீழே சுவரின் மேல் உட்கார்ந்தன. அடியில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒன்றுமில்லை. புயலுக்கு முன்பே மேற்குச் சுவர் வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. அடித்தளம் இறங்கிவிட்டது என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். உண்மைக் காரணம் கூரைதான் என்பதை இக்கணக்கு காட்டும்.

எங்கள் வீட்டின் அகலம், சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு, 16 அடி. முகட்டின் உயரம் 6 அடி என்று வைத்தோம். பாதி அகலம் 8 அடி, உயரம் 6 அடி எனில் கைமரத்தின் நீளம் 10 அடி. மூன்று, நான்கு, ஐந்து என்னும் பழைய செங்கோண முக்கோணமே இது; இரு மடங்காகியிருக்கிறது, அவ்வளவே.

கணக்கு எளிதாயிருக்க, முகட்டில் 600 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். இரு கைமரங்களும் சரிபாதியாகச் சுமக்கின்றன. ஆளுக்கு 300 கிலோ. ஆனால் கைமரம் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்து நிற்பவன் செங்குத்தாக 300 கிலோவைத் தாங்க வேண்டுமானால் தன் உடலின் வழியே அதைவிட அதிகமாகத் தள்ள வேண்டும். விசைகளும் அம்முக்கோணத்தின் விகிதத்திலேயே பிரிகின்றன. செங்குத்தாக 6 பங்குக்கு 300 கிலோ என்றால், கிடையாக 8 பங்குக்கு 400 கிலோ, கைமரத்தின் வழியே 10 பங்குக்கு 500 கிலோ.

அந்த 400 கிலோதான் சுவரை வெளியே தள்ளுகிறது. செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமக்கப் பிறந்தது. பக்கவாட்டுத் தள்ளலை அது நெடுநாள் பொறுக்காது. முகட்டின் உயரத்தை 6 அடியிலிருந்து 3 அடியாகக் குறைத்தால் இத்தள்ளல் 400லிருந்து 800 கிலோவாகிறது. 'சரிவு குறைந்தால் மரம் மிச்சம்' என்று தாழ்ந்த கூரை போடுபவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து மிக எளிது. இரு கைமரங்களின் அடியையும் ஒரு கிடைச் சட்டத்தால் பிணைத்துவிட்டால், இடப்பக்கத்து 400 கிலோவும் வலப்பக்கத்து 400 கிலோவும் அச்சட்டத்துக்குள்ளேயே ஒன்றையொன்று இழுத்துச் சமனாகிவிடும். சுவருக்கு மிஞ்சுவது நேர் கீழாக 300 கிலோ மட்டுமே. இந்த அடிச்சட்டம் பாரம் சுமப்பதற்காக இருப்பதன்று. இழுத்துப் பிடிப்பதற்காக இருப்பது.

எங்கள் சட்டகம் ஒவ்வொன்றின் மேலும் ஓடும் மரமும் சேர்ந்து ஏறத்தாழ 350 கிலோவே விழும். அதுவும் முகட்டில் மட்டுமன்றிச் சரிவெங்கும் பரவி விழும். ஆகவே உண்மைக் கணக்கு சற்று நீளம். ஆனால் விசை பிரியும் முறை இதுவேதான்.

தூண் அன்று, தொங்கல்

முகட்டிலிருந்து அடிச்சட்டத்தின் நடுவுக்கு ஒரு செங்குத்துச் சட்டம் வருகிறது. 'கிங் போஸ்ட்' என்னும் நடுக்கம்பம் அது. முகட்டைத் தாங்கும் தூண் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். தந்தையார் கேட்ட ஒரே கேள்வியில் அந்த எண்ணம் உடைந்தது.

"பாப்பா, அது தூணுன்னா அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

கீழே ஒன்றுமில்லை, 16 அடி வெற்றிடம். அடிச்சட்டத்தின் நடுவில் ஒரு தூணை ஊன்றி முகட்டை அதன் மேல் ஏற்றினால் அடிச்சட்டம் ஒடிந்துவிடும். உண்மையில் நடுக்கம்பம் முகட்டிலிருந்து தொங்குகிறது. தொங்கிக்கொண்டே அடிச்சட்டம் தொய்யாமல் மேலே இழுத்துப் பிடிக்கிறது. அதன் அடியிலிருந்து இருபுறமும் இரண்டு சாய்கால்கள் கிளம்பிக் கைமரங்களின் நடுவில் முட்டி நின்று, கைமரம் வளையாமல் காக்கின்றன. சாய்கால்கள் கீழ்நோக்கித் தள்ளுவதையும் நடுக்கம்பமே முகட்டுக்கு எடுத்துச் செல்கிறது.

இதை நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. சட்டத்தை எடுத்துவிட்டு அங்கே கயிறு கட்டினால் கூரை நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். அடிச்சட்டமும் நடுக்கம்பமும் கயிறாகலாம்; அவை இழுபடுபவை. கைமரமும் சாய்காலும் கயிறாக முடியா, அவை அமுங்குபவை. இழுபடும் சட்டங்களின் மூட்டு பிரியாமல் இருக்க வேண்டும்; அமுங்கும் சட்டங்களின் முனை இடைவெளியின்றி முட்ட வேண்டும். தச்சு வேலையின் கவனம் எங்கே செல்ல வேண்டும் என்பதை இயற்பியல் இவ்வாறு சொல்லிக் கொடுக்கிறது.

சாய்காலின் நீளத்தையும் பாருங்கள். கைமரத்தின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 4 அடி தள்ளி, 3 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நடுக்கம்பத்தின் அடிக்கு மறுபடியும் 4 அடி கிடை, 3 அடி இறக்கம். ஆகவே சாய்கால் 5 அடி. அடிச்சட்டம் 16, கைமரம் 10, நடுக்கம்பம் 6, சாய்கால் 5. பின்னமே இல்லாத சட்டகம்! பட்டறையில் அளவுப் பிழை குறைய இதைவிட நல்ல உபாயம் வேண்டியதில்லை.

முக்கோணச் சட்டகம் உலகுக்குப் புதிதன்று. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1570இல் வெளியிட்ட நூலில் மரச் சட்டகப் பாலங்களை வரைந்து காட்டியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு சட்டத்திலும் எவ்வளவு விசை என்பதைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் ஸ்குவயர் விப்பிள் 1847இல்தான் நூலாக்கினார். கை முன்னே சென்றது. கணக்கு பின்னே வந்தது.

வெட்டுவதற்கு முன்

இனிப் பட்டறைக்குள் வருவோம். வீட்டின் நீளம் 33 அடி. இரு முனையிலும் முக்கோணச் சுவர்கள். இடையே 3 அடிக்கு ஒன்றாகப் பத்துச் சட்டகங்கள். எல்லாம் 4 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம். சட்டகங்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் இடைத்தாங்கல் வேண்டாம். ரீப்பரை நேராக அவற்றின் மேலேயே அடித்துவிடலாம்.

எங்களிடம் இருந்த பலாச் சட்டங்கள் எல்லாம் 12 அடி நீளம், எண்ணிக்கை 52. ஆகவே முதல் வேலை ரம்பத்தால் நடக்கவில்லை, தாளில் நடந்தது. இறவாரத்துக்கு ஒன்றரை அடி சேர்த்துக் கைமரம் பதினொன்றரை அடி. ஒரு சட்டத்துக்கு ஒன்று. அடிச்சட்டம் 16 அடி என்பதால் 11 அடியும் 5 அடியுமாக இரு துண்டுகள். 11 அடித் துண்டுக்கு ஒரு சட்டம். 5 அடித் துண்டும் நடுக்கம்பமும் சேர்ந்து ஒரு சட்டத்தில் வரும். சாய்கால்கள் இரண்டும் ஒரு சட்டத்தில் வரும். ஆகமொத்தம் சட்டகம் ஒன்றுக்கு ஐந்து சட்டம், பத்துக்கு ஐம்பது. மீதி இரண்டே இரண்டு. கணக்குப் போடாமல் கையில் கிடைத்ததை வெட்டியிருந்தால் ஐம்பத்திரண்டு போதாது.

அடிச்சட்டத்தின் இணைப்பை நடுக்கம்பத்துக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. அங்கே வேறு மூட்டு இருக்கிறது. அதனால்தான் 8க்கு 8 என்று பிரிக்காமல் 11க்கு 5 என்று பிரித்தோம். இணைப்பின் இருபுறமும் 3 அடிப் பலகை வைத்துப் போல்ட்டால் முடுக்க வேண்டும். போல்ட்டைச் சட்டத்தின் முனைக்கு மிக அருகில் போட்டால் இழுபடும்போது மரம் இழையின் வழியே பிளந்துகொண்டு வந்துவிடும். போல்ட் பருமனைப்போல் ஏழு மடங்கு தூரமாவது முனைக்கும் போல்ட்டுக்கும் இடையே இருப்பது நலம்.

அடுத்தது சட்டங்களைத் தரம் பிரித்தல். நேரானவை அடிச்சட்டத்துக்கு. சற்றே வில் போல் வளைந்தவை கைமரத்துக்கு. வளைவு மேல்நோக்கி இருக்க வேண்டும், பாரம் ஏறியதும் நேராகும். கணு உள்ளவை சாய்காலுக்கு. விளிம்பில் கணு உள்ள சட்டம் இழுபடும் இடத்துக்கு ஆகாது. கணுவைச் சுற்றி இழை விலகி ஓடுவதால் அங்கே வலிமை குறைவு. இவ்வளவும் முடிய ஒரு பகல் ஆயிற்று. ஒரு மரமும் வெட்டுப்படாத அந்தப் பகலில்தான் பாதி வேலை முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மாதிரியும் என் பிழையும்

ஒரே அளவில் இருபது துண்டு வேண்டும்போது ஒவ்வொன்றையும் டேப் பிடித்து அளந்து வெட்டுவது நேர விரயம், பிழைக்கும் இடம். முதல் துண்டைச் சரியாக வெட்டி மாதிரியாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன்மேல் வைத்துக் கோடு இழுத்து வெட்ட வேண்டும். வட்ட ரம்பம் இருந்தால் மேசையில் ஒரு முட்டுக்கட்டையை அடித்துவிட்டு, ஒவ்வொரு சட்டத்தையும் அதில் முட்ட வைத்து வெட்டலாம்.

சாய்கால் வெட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் துண்டு மாதிரி. இரண்டாவதை அதைப் பார்த்து வெட்டினேன். மாதிரியை ஓரமாக வைத்துவிட்டதால் மூன்றாவதை இரண்டாவதைப் பார்த்து வெட்டினேன், நான்காவதை மூன்றாவதைப் பார்த்து. கையில் எது வந்ததோ அதுவே அடுத்ததற்கு மாதிரியாயிற்று. ஒவ்வொரு முறையும் ரம்பம் கோட்டின் உட்பக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தின்றிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் இருபதாவது துண்டு முதல் துண்டைவிட முக்கால் அங்குலம் குட்டை! ஆய்வகத்தில் 'பிழைகள் கூடிக்கொண்டே போகும்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான்.

சாய்கால் அமுங்கும் உறுப்பு என்று முன்பே பார்த்தோம். முனை முட்டாவிட்டால் அது சட்டகத்தில் இருந்தும் இல்லாததே. நீளமானதைக் குறைக்கலாம், குட்டையானதை என்ன செய்வது? தந்தையார் இருபதையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்து, கடைசி ஆறைத் தள்ளி வைத்தார். ஆறு சாய்காலுக்கு மூன்று சட்டம் வேண்டும். மீதி இருந்ததோ இரண்டு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாதிரித் துண்டைத் தேடி எடுத்து அதன்மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு பட்டை அடித்தார். "இது கூரைக்குப் போகாது. இதைப் பார்த்துத்தான் எல்லாம்" என்றார். எல்லா உறுப்புக்கும் அன்று முதல் ஒரு சிவப்புப் பட்டை மாதிரி உண்டாயிற்று. இரண்டு மீதிச் சட்டமும் தீர்ந்து, கடைசி இரண்டு சாய்கால்களுக்காக ஒரு வேப்பஞ்சட்டம் விலைக்கு வந்தது.

அச்சில் பூட்டுதல்

உறுப்புகள் தயாரான பின் அவற்றைப் பூட்டுவதற்கு ஓர் அச்சு வேண்டும். தட்டையான பலகைத் தளத்தின் மேல் 16 அடிக்கு நூல் அடித்து, நடுவில் 6 அடி செங்குத்து எழுப்பி, சரிவுக் கோடுகள் இரண்டையும் இழுத்து, இரண்டும் 10 அடி வருகின்றனவா என்று பார்த்தோம். வராவிட்டால் செங்குத்து செங்குத்தாக இல்லை என்று பொருள். பாரம் ஏறியபின் தொய்வு தெரியாதிருக்க அடிச்சட்டத்தின் நடுவை அரை அங்குலம் மேலே தூக்கிக் குறித்தோம். பிறகு ஒவ்வொரு சட்டமும் படுக்க வேண்டிய இடத்தின் இருபுறமும் சிறு கட்டைகளை ஆணியடித்து நிறுத்தினோம். மூட்டுகளின் அடியில் மட்டும் கட்டை வரக் கூடாது. அங்கே கை நுழைய வேண்டும்.

அச்சு சரியா என்பதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. முதல் சட்டகத்தைப் பூட்டி வெளியே எடுத்து, இடவலமாகப் புரட்டி மீண்டும் அதே அச்சில் வைக்க வேண்டும். தட்டாமல் உட்கார்ந்தால் இரு சரிவும் சமம். முட்டினால் அச்சில் பிழை. அதைத் திருத்தாமல் இரண்டாவதைப் பூட்டத் தொடங்கினால் ஒரு பிழை பத்துப் பிழையாகும்.

மூட்டுகளுக்கு நீர் தாங்கும் பிளைவுட் துண்டுகளை இருபுறமும் வைத்து ஆணியடித்தோம். சட்டகம் ஒன்றுக்கு ஆறு மூட்டு, பன்னிரண்டு துண்டு, பத்துக்கு நூற்றிருபது. இவற்றையும் மாதிரி வைத்தே வெட்டினோம். ஆணிகளை ஒரே நேர்கோட்டில் அடித்தால் மரம் பிளக்கும்; முன்னும் பின்னுமாக மாற்றி அடிக்க வேண்டும். கடின மரத்தில் ஆணியின் பருமனில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு முன்கூட்டியே துளையிட்டுக்கொள்வது நல்லது. எத்தனை ஆணி, எந்த இடைவெளி என்பதற்கு ஐ.எஸ். 2366 என்னும் இந்தியத் தரநூல் வழி சொல்கிறது. எங்களைவிட அகலமான கட்டடத்துக்குப் பொறியாளர் ஒருவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

முதல் சட்டகத்துக்கு ஒரு பகல் முழுதும் போயிற்று. அடுத்து வந்தவை நாளொன்றுக்கு மூன்று என்று இறங்கின. கைகள் வேகமாகிவிடவில்லை, நின்று யோசிக்கும் வேலை முதல் நாளோடு முடிந்துவிட்டது. அமெரிக்காவில் கால்வின் ஜுரைட் என்பவர் 1955இல் பல ஆணிகள் ஒன்றாய் அமைந்த இரும்புத் தகடு ஒன்றை உருவாக்கி, மரச் சட்டகம் செய்வதைத் தொழிற்சாலை வேலையாக்கினார். இயந்திரம் அழுத்தினால் மூட்டு முடிந்தது. அந்தத் தொழிற்சாலையிலும் அடிப்படை இதுதான்: ஒரு முறை வரை, ஓர் அச்சு செய், அதையே திரும்பச் செய்.

காற்றோடு ஒரு கணக்கு

சட்டகம் ஒன்று 50 கிலோவுக்கு மேல் கனக்கும். படுக்கையாகத் தூக்கினால் வளைந்து மூட்டு நெகிழும். செங்குத்தாக நிறுத்தியே நகர்த்த வேண்டும். கூரையில் முதல் சட்டகத்தை ஏற்றியவுடன் அதை முனைச் சுவரோடு நன்கு கட்டிவிட வேண்டும். அடுத்தடுத்து வருபவற்றைத் தற்காலிகச் சட்டங்களால் பிணைத்துக்கொண்டே போக வேண்டும். இல்லையேல் ஒன்று சாய்ந்தால் சீட்டுக்கட்டு போல் எல்லாம் சாயும். ரீப்பர் மட்டும் போதாது; சரிவின் அடியில் மூலைவிட்டமாக ஒரு சட்டம் நிரந்தரமாக ஓட வேண்டும். அங்கேயும் முக்கோணம்தான் காப்பு.

இனிக் கஜாவிடம் திரும்புவோம். மங்களூர் ஓடு 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவரின் முயற்சியால் மங்களூரில் தொழிலாயிற்று. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 முதல் 45 கிலோ எடை வரும் அவ்வோடு, அந்த எடையாலேயே நிற்கிறது என்று நம்புகிறோம். காற்றின் அழுத்தத்துக்கு நம் தரநூல் தரும் வாய்பாடு: வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு நியூட்டன். மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 33.3 மீட்டர். வர்க்கம் 1111, பெருக்கினால் 667 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 68 கிலோ எடைக்குச் சமம். ஓட்டின் எடையோ 45 கிலோ!

இந்த 68 கிலோவும் கூரை முழுவதையும் மேலே உறிஞ்சிவிடாது. ஆனால் முகடு, இறவாரம், மூலைகள் ஆகிய இடங்களில் உறிஞ்சல் மிகும். கதவோ சன்னலோ பிய்த்துக்கொண்டால் காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும். அப்போது பாரம் கீழ்நோக்கியே வரும் என்று எண்ணிச் செய்த கூரை மேல்நோக்கிப் புறப்படும். கயிறாகலாம் என்று நாம் எண்ணிய உறுப்பு அமுங்கவும், முட்டி நின்றால் போதும் என்ற உறுப்பு இழுபடவும் நேரும். ஆகவேதான் எல்லா மூட்டிலும் இருபுறமும் பிளைவுட். எல்லாச் சட்டகமும் இரும்புப் பட்டையால் சுவர்ச்சட்டத்தோடும், சுவர்ச்சட்டம் சுவரின் தலையில் ஓடும் கான்கிரீட் பட்டத்தில் புதைத்த போல்ட்டோடும். ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டிவிட்டோம். முகட்டிலிருந்து அடித்தளம் வரை பிணைப்பு எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். அறுபட்ட இடம் எதுவோ அங்கேதான் புயல் கைவைக்கும்.

பலா இல்லாதவர்கள் தென்னையைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் தென்னையை முறையாக அறுத்துக் கட்டடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். தென்னந்தண்டின் வெளிப்பகுதிதான் வலியது. சதுர வெட்டில் உட்புறம் செல்லச் செல்லப் பஞ்சாகும். கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேற்பட்ட வெளிப்பகுதியையே பாரம் தாங்கும் இடத்தில் வைக்க வேண்டும். நன்கு உலர்த்தி, பூச்சிக்கும் ஈரத்துக்கும் காப்புச் செய்ய வேண்டும். நம் ஊர்ப் பனங்கைமரத்தைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்கள் முற்றிய மரத்தின் கருத்த வைரத்தைப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

முடிவுரை

சிக்கனம் என்பது மெல்லிய மரம் போடுவதிலோ ஆணியைக் குறைப்பதிலோ இல்லை. ஒரு முக்கோணத்தை முழுமையாகச் சிந்தித்து, அதை ஒரு முறை பிழையின்றி வரைந்து, அதற்கே திரும்பத் திரும்பச் செல்வதில் இருக்கிறது. அப்போது மரமும் மிஞ்சும், நாளும் மிஞ்சும், கூரையும் நிற்கும். நம் பாடங்களுக்கும் இது பொருந்தும் என்று எண்ணுகிறேன். நண்பரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதியவரைப் பார்த்து எழுதியவரைப் பார்த்து எழுதும்போது, சாய்கால் எவ்வளவு குட்டையாகும் என்பதை நாம் அறிவோம்.

ஓடு வேய்ந்த அன்று அப்பத்தா வாசலிலிருந்து உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். பலாச் சட்டங்கள் மஞ்சளாக மின்னின. கடைசிச் சட்டகத்தில் இரண்டு சாய்கால்கள் மட்டும் நிறம் வேறாக இருப்பதை அவர் கண்கள் உடனே கண்டுவிட்டன. "அது என்ன மரம்?" என்றார். "வேம்பு, அப்பத்தா. நான் செய்த தப்பு" என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "முட்டி நிக்குதுல்ல?" என்று கேட்டார். நிற்கிறது என்றேன். "அப்பச் சரி" என்று அடுப்படிக்குப் போனார்.

சிவப்புப் பட்டை அடித்த மாதிரித் துண்டு இன்றும் எங்கள் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.